பழைய லான்ட்மாஸ்டர்களைச் சேர்த்து வைக்கத் தொடங்குகிறவர்களுக்கு

நம்ம மட்டக்களப்புப் பக்கத்தில் இரண்டு சில்லு உழவு மெசின் எதுவாக இருந்தாலும் அதற்குப் பேர் லான்ட்மாஸ்டர்தான். குபோட்டாவாக இருக்கலாம், சீனத்து டொங்பெங்காக இருக்கலாம், "மாமா லான்ட்மாஸ்டர எடுத்துக்கிட்டு வெளிக்குப் போயிட்டார்" என்றுதான் வீட்டில் சொல்வார்கள், வெளி என்றால் வயல். அந்தப் பெயர் உண்மையான ஒரு மெசினுடைய பெயர். 1950களில் ரே விஜேவர்தன என்ற இலங்கை எஞ்சினியர் வடிவமைத்து, இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பக்கம் செய்து வந்தது அது. அசல் லான்ட்மாஸ்டர் ஒன்றை இன்று முழுசாகக் காண்பதே அபூர்வம். அதற்குப் பிறகு வந்த குபோட்டாக்களும் டொங்பெங்குகளும் இப்போது அதே வழியில் பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, கிலோக் கணக்கில் நிறுத்து லொறியில் ஏற்றுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் நான் சேர்க்கத் தொடங்கினேன். இப்போது என்னிடம் நான்கு நிற்கின்றன: எஸ் 195 எஞ்சின் பூட்டிய சீன மெசின் இரண்டு, பழைய குபோட்டா ஒன்று, நாலு சில்லில் ஒரு மாசி பேர்குசன் 35.

கொஞ்ச நாளாக இளம் ஆட்கள் சிலர், அப்பாவுடைய மெசின், தாத்தாவுடைய மெசின் என்று வைத்துக்கொண்டு எப்படிப் பாதுகாப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதை விட, முதலிலிருந்து வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஒன்றை முதலே மனதில் வையுங்கள். வெளிநாட்டில் தோட்ட டிரக்டர் சேர்க்கிறவர்கள் நிறைய. அமெரிக்காவில் 1961இல் வந்த கப் கேடட், 1963இல் வந்த ஜோன் டியர் 110 மாதிரிச் சின்ன டிரக்டர்களைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்கிற முறைகளில் பாதி, தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்காமல் காப்பது எப்படி என்பது பற்றியது. நமக்கு அந்தப் பயம் இல்லை. நம்முடைய எதிரி உப்பும் ஈரமும்தான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கிறவருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டுக்கும் நடுவில்தான் வீடு. கச்சான் காற்று அடிக்கிற ஒரு காய்ந்த நாளில், மழை படாத இடத்தில் வெளியே நிற்கிற தகரம் ஒன்றை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். அந்தக் கரிப்புதான் மெசினுடைய ஒவ்வொரு ஆணியிலும் படிகிறது, மாரி வந்ததும் ஈரத்தை இழுத்துக் குடித்து இரும்பைத் தின்னத் தொடங்குகிறது.

எத்தனை மெசின் வைப்பது

இதைத்தான் முதலில் முடிவெடுக்க வேண்டும், ஆனால் யாரும் யோசிப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காலையில் தொடங்கிப் பொழுது படுவதற்குள் எத்தனை மெசினை நீங்கள் தனியாக, எஞ்சினைக் கையால் சுற்றி, துடைத்து, ஒயில் பார்த்து முடிப்பீர்களோ அத்தனைதான் உங்கள் கணக்கு. எனக்கு அது நாலு. ஐந்தாவது ஒன்று மலிவாக வந்தது, ஆசையும் இருந்தது, விட்டுவிட்டேன். வாங்கிவிட்டால் நாலில் ஒன்றுக்குக் கை போகாது, அந்த ஒன்றின் எஞ்சின் மூன்று மாரிக்குள் துருப்பிடித்து இறுகிவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர் எஸ் 195 எஞ்சின் உள்ள மெசினில் தொடங்குவது நல்லது. ஒற்றைச் சிலிண்டர், படுக்கையாக இருக்கும், 12 குதிரை வலு, தண்ணீரில் குளிர்கிற எஞ்சின். அதன் சாமான் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இன்றைக்கும் கடையில் கிடைக்கும். பிஸ்டன், லைனர், வால்வு எல்லாம் அலுமாரியிலிருந்து எடுத்துத் தருவார்கள். அசல் லான்ட்மாஸ்டர் மாதிரி அபூர்வமானதைத் தொடக்கத்திலேயே வாங்கினால், ஒரு சின்னச் சாமானுக்காக லேத் பட்டறையில் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். அதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்குங்கள், கை பழகியிருக்கும்.

வாங்குகிற நேரம்

பதிவுப் புத்தகம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், மெசினைப் பிறகு பாருங்கள். நம்ம மாவட்டத்தில் இடம்பெயர்வும் வெள்ளமும் சுனாமியும் எத்தனையோ வீட்டின் பத்திரங்களைக் கொண்டுபோய்விட்டன, ஆகையால் புத்தகம் இல்லை என்பதற்காக விற்கிறவரைக் கள்ளர் என்று நினைக்க வேண்டாம். ஆனால் புத்தகம் இருந்தால் அதிலுள்ள சேசி நம்பரும் எஞ்சின் நம்பரும் மெசினில் வெட்டியிருக்கிற நம்பரும் ஒன்றா என்று கம்பித் தூரிகையால் துரு நீக்கி உங்கள் கண்ணால் பாருங்கள். எஞ்சின் மாற்றிப் பூட்டிய மெசின்கள் நிறைய உண்டு. உழுகிறவருக்கு அது குற்றமில்லை, சேர்க்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு எஞ்சினுக்கு வாருங்கள். "ஸ்டார்ட் ஆகும், டீசல்தான் இல்லை" என்று சொன்னால், ஒரு போத்தல் டீசலைக் கையோடு கொண்டுபோய் ஊற்றிக் கேளுங்கள். ஸ்டார்ட் பண்ணுகிற கைபிடியைப் போட்டுச் சுற்றும்போது சிலிண்டர் காற்று இறுகித் திமிற வேண்டும். லேசாகச் சுற்றுகிறது என்றால் ரிங்கோ வால்வோ போயிருக்கிறது. கியர்பெட்டி ஒயிலைக் கொஞ்சம் திறந்து விரலில் எடுத்துப் பாருங்கள், பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சேற்றுக்குள் வேலை செய்த மெசினில் இது அடிக்கடி காண்கிற காரியம், ஒயில் சீல் மாற்றிச் சரி செய்யலாம், ஆனால் விலையில் அதைக் கழியுங்கள்.

புதுப் பெயின்ற் அடித்து மினுக்கி வைத்திருக்கிற மெசினை விட, துருவும் பழைய நிறமுமாக நிற்கிற மெசினை நான் நம்புவேன். பெயின்றுக்குக் கீழே வெடிப்பை ஒட்டியதும் பசை போட்டு நிரப்பியதும் மறைந்திருக்கும். அசல் நிறமும் அசல் எழுத்தும் பாதி உதிர்ந்து நின்றாலும் அதுதான் அந்த மெசினுடைய அடையாளம், ஒருமுறை சுரண்டி எடுத்துவிட்டால் திரும்ப வராது.

கொட்டில்

கொட்டிலுக்கு நிறையச் செலவழிக்கத் தேவையில்லை, ஆனால் மூன்று இடத்தில் காசு போட்டே ஆக வேண்டும்.

தரை. வெறும் மண் தரையில் நிறுத்தினால் கூரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிரயோசனமில்லை, மண்ணிலிருந்து ஈரம் இரவும் பகலும் மேலே வந்துகொண்டே இருக்கும். கொங்கிரீட் போடுங்கள், போடுவதற்கு முன் மணலுக்கு மேல் தடித்த பொலித்தீன் விரித்துவிட்டுப் போடுங்கள். உயரம் எவ்வளவு என்று கேட்டால், 2011 ஜனவரி வெள்ளம் உங்கள் வளவில் எதுவரை வந்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள், அதற்கு மேல் ஒரு முழம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பள்ளக் காணி உள்ளவர்கள் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

திசை. நமக்கு மழை வாடைக் காற்றோடு வடகிழக்கிலிருந்து அடித்து வரும், கார்த்திகை மார்கழியில் சாய்வாக உள்ளே வந்துவிடும். வடக்கு, கிழக்குப் பக்கத்தைக் கல் வைத்து அடையுங்கள், வாசலைத் தெற்கிலோ மேற்கிலோ வையுங்கள். கச்சான் காலத்தில் அந்தப் பக்கத்தால் தூசு வரும் என்பது உண்மைதான், அதற்கு வாசலில் ஒரு படங்கைத் திரையாகத் தொங்கவிட்டால் போதும். தூசைத் துடைக்கலாம், ஈரத்தைத் துடைத்து முடியாது.

காற்று. அடைத்த சுவரிலும் அடியில் ஒரு வரிசை, கூரைக்குக் கீழே ஒரு வரிசை ஓட்டைக் கல் விடுங்கள். அடியால் குளிர்ந்த காற்று வந்து மேலால் சூடு போக வேண்டும். தகரக் கூரை இரவில் குளிர்ந்து அதன் அடியில் தண்ணீர் முத்து முத்தாகக் கட்டி விடியற்காலையில் மெசினில் சொட்டும், கூரை உயரமாகவும் காற்று ஓட்டமாகவும் இருந்தால் அது வெகுவாகக் குறையும்.

இதில் நிறையப் பேர் விடுகிற பிழை, மெசினைப் படங்கால் இறுக்கிப் போர்த்திக் கயிறு கட்டிவிடுவது. அக்கறையோடுதான் செய்கிறார்கள், ஆனால் மெசினுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் பகலில் ஆவியாகி இரவில் அந்த இரும்பிலேயே திரும்பப் படியும். போர்த்தத்தான் வேண்டும் என்றால் பழைய பருத்திச் சீலை, சாரம், பெட்சீற் மாதிரி காற்றுப் போகிற துணியால் தூசுக்கு மட்டும் போர்த்துங்கள்.

மெசினுக்கும் மெசினுக்கும் இடையில் ஒரு ஆள் நின்று கைபிடியை முழுச் சுற்றுச் சுற்றுவதற்கு இடம் விடுங்கள். இடமில்லாமல் நெருக்கி நிறுத்தினால் அந்த மெசினை நீங்கள் சுற்றவே மாட்டீர்கள். டீசலையும் பெற்றோலையும் கொட்டிலுக்குள் வைக்க வேண்டாம், தள்ளி வேறு இடத்தில் வையுங்கள், வாசலில் ஒரு வாளி மணல் நிற்கட்டும். நெல் மூட்டை, வைக்கோல் பக்கத்தில் இருந்தால் எலி வரும், எலி வந்தால் வயர் போகும்.

கழுவுதல்

கொட்டிலுக்குள் ஏற்றுவதற்கு முன் நன்றாகக் கழுவுங்கள். எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். கரையோரத்தில் சில கிணறு கோடையில் உவர்த்துவிடும், அந்தத் தண்ணீரால் கழுவுவது உப்பைத் தேய்த்துவிடுவதற்குச் சமம். வாயில் வைத்துப் பாருங்கள், குடிக்கக் கூடிய தண்ணீர் என்றால் கழுவலாம். நான் மாரியில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு அதைத்தான் எடுக்கிறேன். சேறு காய்ந்து ஒட்டியிருக்கிற இடங்களை, முக்கியமாக மண் கிளறுகிற ரொட்டவேட்டர் மூடிக்குள்ளும் சில்லு அச்சைச் சுற்றியும், முதல் நாள் இரவே ஈரச் சாக்குப் போட்டு ஊற வையுங்கள், அடுத்த நாள் மரக் குச்சியாலேயே கழன்று வரும். எயார் கிளீனருக்குள்ளும் புகைக் குழாய்க்குள்ளும் தண்ணீர் போகாமல் கட்டிக்கொள்ளுங்கள். கழுவிய பிறகு ஒரு முழு வெயில் காய விடுங்கள்.

உறங்க வைப்பது

பெரும்போக உழவு முடிந்தோ, வாங்கிக் கொண்டுவந்தோ, ஒரு மெசினை இரண்டு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் இதை முழுசாகச் செய்யுங்கள். ஒரு மெசினுக்கு அரை நாள் போகும்.

முதலில் எஞ்சினை ஓட்டி நன்றாகச் சூடாக்கி, சூட்டோடு பழைய ஒயிலை இறக்குங்கள். "திரும்ப எடுக்கிற நேரம் மாத்துவம்" என்று பழைய ஒயிலோடு நிறுத்துகிறவர்கள் அதிகம். பாவித்த ஒயிலில் அமிலமும் தண்ணீரும் கலந்திருக்கும், அது மாதக் கணக்கில் பேரிங்கில் நின்று தின்னும். ஆகையால் நிறுத்துவதற்கு முன்தான் மாற்ற வேண்டும். புது ஒயில் விட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். எஸ் 195இல் சிலிண்டர்த் தலைக்கு மேலே ஒரு சிவப்பு அடையாளம் எழும்பி நிற்கும், ஒயில் மேலே வருகிறது என்பதற்கு அதுதான் சாட்சி, அது எழும்பாவிட்டால் உடனே நிறுத்திக் காரணம் தேடுங்கள். இறக்கிய ஒயிலை வளவில் ஊற்றாதீர்கள். நம்முடையது மணல் தரை, கிணறு ஆழமில்லை, இன்றைக்கு ஊற்றியது நாளைக்குக் குடிக்கிற தண்ணீருக்கு வரும்.

டீசல் தாங்கியை விளிம்பு வரை நிரப்புங்கள். பாதித் தாங்கியில் மேலே இருக்கிற காற்றின் ஈரம் படிந்து தண்ணீராகி அடியில் நிற்கும், தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் பாசி மாதிரி ஒரு கறுப்புச் சளி வளர்ந்து பில்டரை அடைக்கும். பெற்றோல் எஞ்சினுக்கு நேர் எதிர்: தாங்கியை வடித்து, காபரேட்டரில் இருக்கிறது தீரும் வரை ஓட்டி, அதுவாக நிற்கட்டும். பெற்றோல் காய்ந்தால் பிசினாகி சின்னத் துளையெல்லாம் அடைத்துவிடும். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய வகை மெசின்களுக்கும் இதே கதைதான்.

எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீரை முழுசாக வடியுங்கள். வடிக்கிற வாயில் துருச் சளி அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்தினால் மிச்சமும் வரும். டிரக்டரில் ரேடியேட்டரை வெறுமையாக விடாமல் துரு தடுக்கிற கூலன்ற் கலந்து நிரப்பி வைப்பது நல்லது. உறைவதற்குப் பயந்து இல்லை, உள்ளே துருப் பிடிக்காமல் இருக்கத்தான்.

இனி சிலிண்டர். காற்று உள்ளே போகிற வழியால் இரண்டு தேக்கரண்டி புது ஒயில் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். டீகொம்பிரசன் பிடியை (சிலிண்டரில் காற்று இறுகாமல் விடுகிற பிடி) தூக்கிக்கொண்டு கையால் இருபது சுற்றுச் சுற்றுங்கள். பிறகு பிடியை விட்டுவிட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள், காற்று இறுகிக் கை தடுக்கிற இடம் ஒன்று வரும், அந்த இடத்தில் விடுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலை அது. வெளிக் காற்று சிலிண்டருக்குள் வர வழியில்லை. நிற்கிற எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எதையும் நான் காணவில்லை, ஒரு சதம் செலவும் இல்லை.

புகைக் குழாய் வாயில் வெற்றுப் பால் டின் ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். மூடாவிட்டால் வேட்டுவன் குளவி ஒரு கிழமைக்குள் மண் கொண்டுவந்து அடைத்துவிடும். டின் போட்டிருக்கிறது என்று கைபிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள்.

கிளச் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. கிளச் தட்டு அழுத்தத்தில் மாதக் கணக்காக நின்றால், ஈரத்தில் அது பிளைவீலோடு துருவால் ஒட்டிவிடும், பிறகு கியர் விழாது. லான்ட்மாஸ்டரில் கிளச் பிடியைக் கழற்றிய நிலையில் கயிற்றால் கட்டி விடுங்கள். டிரக்டரில் கிளச் மிதியை அமுக்கி ஒரு மரத் துண்டால் முட்டுக் கொடுங்கள். பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றி, மெசினுடைய பெயர் எழுதி நிழலில் வைத்துவிடுங்கள்.

சில்லைத் தரையிலிருந்து தூக்குங்கள். கியர்பெட்டிக்கு அடியில் பாலை மரக் குற்றி இரண்டு வைத்தால் ஆயுசுக்கும் இருக்கும், கறையான் கிட்ட வராது. தூக்க முடியாவிட்டால் மாதம் ஒருமுறை சில்லைக் கால் சுற்று உருட்டி வையுங்கள். வெயில் நேரே படுகிற பக்கத்து டயர்தான் முதலில் வெடிக்கும். பாரத்துக்காக டயருக்குள் தண்ணீர் விட்டிருக்கிற டிரக்டர் வாங்கியிருந்தால், வால்வு மேலே வரும்படி சில்லைத் திருப்பிப் பிறகு வால்வு நட்டைத் திறந்து பாருங்கள், நட்டைச் சுற்றித் துரு இருந்தால் ரிம் உள்ளிருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், தண்ணீரை எடுத்துவிடுங்கள்.

மாசி பேர்குசன் 35, 135 வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கியர் தடிக்கு அடியில் இருக்கிற றப்பர் உறை வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் நேரே கியர்பெட்டிக்குள் இறங்கும். அந்த ஒயில்தான் பின்னால் கலப்பை தூக்குகிற ஹைட்ரோலிக்குக்கும் போகிறது, ஆகையால் சின்ன றப்பர் ஒன்றால் பம்பும் சேர்ந்து கெடும். உறையை மாற்றுங்கள், மாற்றும் வரை ஒரு பொலித்தீன் உறை கட்டிவிடுங்கள். பட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள், மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும், நம்ம சூட்டில் சும்மா இருந்தாலும் அது இறங்கும்.

கலப்பை, ரொட்டவேட்டர் கத்தி, இரும்புச் சில்லு இவற்றுக்குத் தேங்காயெண்ணெய் பூசுகிற வழக்கம் சில வீட்டில் உண்டு. எறும்பும் எலியும் வரும், கொஞ்ச நாளில் பிசுபிசுத்து ஊத்தை பிடிக்கும். கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள்.

மாதச் சுற்று

மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பறுவத்தை, பௌர்ணமி நாளை, வைத்திருக்கிறேன், விடுமுறை நாள், மறக்காது.

அன்றைக்கு ஒவ்வொரு மெசினையும் டீகொம்பிரசன் தூக்கிக் கையால் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி, பழையபடி இறுகுகிற இடத்தில் விடுங்கள். சுற்றும்போது காதைக் கொடுங்கள், போன மாதம் இல்லாத உரசல் இருக்கிறதா, ஓரிடத்தில் கனக்கிறதா என்று. ஸ்டார்ட் பண்ணுவது என்றால் அரை மணித்தியாலமாவது ஓட்டி, முடிந்தால் ஒரு ட்ரெய்லர்ப் பெட்டி இழுக்க வைத்து, எஞ்சின் முழுசாகச் சுட்ட பிறகு நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் உறும வைத்து நிறுத்துவது சுகமாக இருக்கும், ஆனால் எரிந்ததில் வந்த ஈரம் முழுக்க உள்ளேயே தங்கிவிடும். அதற்கு ஸ்டார்ட் பண்ணாமல் கையால் சுற்றி விடுவதே நல்லது.

கைபிடியைப் பிடிக்கும்போது பெருவிரல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். வளைத்துப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கிற ஒரு நாளில் மணிக்கட்டுப் போகும். என் அப்பா எனக்கு மெசின் காட்டித் தந்த முதல் நாள், ஸ்டார்ட் பண்ண விடாமல் அன்றைக்கு முழுக்க இந்தப் பிடியை மட்டும்தான் பழக்கினார். நீங்களும் பிள்ளைகளுக்கு அப்படியே பழக்குங்கள்.

இறுகிப்போன எஞ்சின்

சேர்க்கிற ஆளுக்கு என்றைக்காவது ஒன்று இப்படி வந்துதான் தீரும். என்னுடைய இரண்டாவது எஸ் 195 வெல்லாவெளிப் பக்கம் ஒரு வளவில் மருத மரத்துக்குக் கீழே நின்றது. 2007இல் அந்த வீட்டார் இடம்பெயர்ந்து போகும்போது விட்டுப் போனது, திரும்பி வந்த பிறகும் யாரும் தொடவில்லை. கைபிடியில் தொங்கினேன், அசையவில்லை. கல்முனையில் லேத் பட்டறை வைத்திருக்கிற காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரிடம் கொண்டுபோனேன். பிளைவீலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது ஓடிச் செத்த மெசின் இல்ல, நிண்டு செத்த மெசின். இழுத்துக் கிழுத்துப் போடாதீங்க, ஊற வைங்க."

இறுகிய மெசினைக் கியரில் போட்டு டிரக்டரால் இழுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. துரு ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் விடாமல் கொனெக்டிங் றொட் வளைந்துவிடும், அல்லது கியரில் பல் போகும். அதைச் செய்யாதீர்கள்.

அந்தக் காக்கா செய்தது இது. தலையைக் கழற்றினார். எஸ் 195 படுக்கையான எஞ்சின் என்பதால் சும்மா ஒயில் விட்டால் சிலிண்டரின் கீழ்ப் பாதியில்தான் நிற்கும், மேல்பாதித் துரு அப்படியே இருக்கும். ஆகையால் ஒயில், டீசல், தண்ணீர் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, எஞ்சினைக் கழற்றி, சிலிண்டர் வாய் வானத்தைப் பார்க்கும்படி நிமிர்த்திக் குற்றி கொடுத்து நிற்க வைத்தார். டீசலும் பவர் ஸ்டியரிங் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து பிஸ்டனுக்கு மேல் ஊற்றினோம். நாலாம் நாள் மட்டம் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது, ரிங்கைக் கடந்து கீழே போகத் தொடங்கிவிட்டது என்றார். ஒன்பதாம் நாள் பிளைவீலில் பழைய பெல்ட் ஒன்றைச் சுற்றி இரண்டு பேர் இரண்டு பக்கம் மாறி மாறி இழுத்தோம், பலமாக இல்லை, தொட்டில் ஆட்டுகிற மாதிரி. முதலில் ஒரு மயிரிழை அசைந்தது. அங்கேயே நிறுத்தி இன்னும் கொஞ்சம் ஊற்றி அடுத்த நாள் பார்த்தோம், ஒரு சாண் வந்தது. லைனரில் துருக் குழி விழுந்திருந்தது, புது லைனரும் பிஸ்டனும் போட வேண்டி வந்தது. ஆனால் கிராங்கும் றொட்டும் உடலும் அந்த மெசினுடையதுதான். சுத்தியலால் பிஸ்டனை அடித்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வெள்ளத்தில் மூழ்கினால்

தண்ணீர் வற்றியதும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, றொட்தான் வளையும். வாவித் தண்ணீரோ கடல் தண்ணீரோ ஏறியிருந்தால் முதல் வேலை நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் அலசுவது, பிறகுதான் மற்றது. எல்லா ஒயிலையும் டீசலையும் வடியுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் சிலிண்டர்த் தண்ணீர் வெளியே பீறும். மலிவான ஒயிலும் டீசலும் கலந்து எஞ்சினிலும் கியர்பெட்டியிலும் நிரப்பி, சுற்றி, வடித்து, பால் நிறம் போகும் வரை திரும்பவும் செய்யுங்கள். இதை அன்றைக்கே செய்ய வேண்டும். தண்ணீருக்குள் நிற்கும்போது இரும்பு அவ்வளவு கெடாது, வெளியே வந்து காற்றுப் பட்ட பிறகுதான் துரு வேகமாக ஓடும். நேரமில்லை, வீட்டு வேலையே தலைக்கு மேல் இருக்கிறது என்றால், எஞ்சினை டீசலால் நிரப்பியாவது விட்டுவிடுங்கள், ஒரு கிழமை தாங்கும்.

மாரி வரும் முன், புரட்டாதியில் ஒரு நாள் இதற்காகவே ஒதுக்குங்கள்: கூரை ஆணி, கான், மரக் கிளை, தாங்கிகளின் மூடி, எல்லாம் பார்க்க வேண்டும். 1978 சூறாவளியை நேரில் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், கொட்டில் தகரத்தை எப்படிக் கட்டுவது என்று அவர்களிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

கொப்பி

ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு கொப்பி. வாங்கிய நாள், யாரிடம், எந்த ஊர், என்ன விலை, என்ன மாற்றியது, எந்த ஒயில், கடைசியாகச் சுற்றிய நாள். விற்றவர் அந்த மெசினைப் பற்றிச் சொன்னதையும் எழுதுங்கள். எந்த வெளியில் உழுதது, யார் ஓட்டினார், முதல் சொந்தக்காரர் யார் என்பதெல்லாம் ஒருவர் வாயில் மட்டும்தான் இருக்கும், அவர் போனால் அதுவும் போய்விடும். என் குபோட்டாவை விற்ற ஐயா, அந்த மெசினால் தன் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு முழுக்கப் பந்தல் கம்பு இழுத்த கதையைச் சொன்னார், அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

கழற்றுகிற ஆணி, வாஷர், பின் எல்லாம் ஒரு பால்மா டின்னில், மூடியில் மெசின் பெயரும் எந்த இடத்து ஆணி என்பதும். மறதி எல்லோருக்கும் உண்டு, கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுங்கள், டின்னை டீசல் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு ஆணியைப் போடுங்கள். கொப்பியைக் கொட்டிலில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள், கொட்டிலில் கறையான் கடதாசியைத்தான் முதலில் தேடும்.